பழைய பெட்ரோல் காரில் இன்ஜெக்டரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

என்னுடைய கார் 2007-இல் தயாரான மாருதி ஆல்ட்டோ, 796 சி.சி., 3 சிலிண்டர், பெட்ரோல். நான்கு மாதம் ஓட்டாமல் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது ஐட்லிங்கில் வண்டி முழுக்க நடுங்கியது. மேட்டில் பிக்கப் இல்லை. புகைக்குழாயில் பெட்ரோல் நெடி. பட்டறையில் ஸ்பார்க் பிளக், ஹை டென்ஷன் வயர், த்ராட்டில் பாடி சுத்தம், கடைசியாகப் பெட்ரோல் பம்பு என்று ஒவ்வொன்றாக மாற்றி, 9,400 ரூபாய் செலவான பிறகும் இந்தத் தடுமாற்றம், அதாவது மிஸ்ஸிங், நிற்கவில்லை. அடுத்தது ஈ.சி.எம்., அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, என்றார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாமல் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே ஒவ்வொன்றாகச் சோதித்தபோதுதான், கோளாறு, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களில் ஒரே ஒன்றில் இருப்பது தெரிந்தது. கண்டுபிடிக்க ஆன செலவு, வீட்டில் ஏற்கெனவே கிடந்த ஒரு மல்டிமீட்டரும் அரை நாள் பொறுமையும் கடையில் சோதித்த கூலி 900 ரூபாயும்தான்.

இந்த வேலையில் இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டுவது எளிய பகுதி. எது கெட்டது என்று உறுதி செய்வது, பெட்ரோல் அழுத்தத்தைப் பாதுகாப்பாக இறக்குவது, மண்ணும் தூசியும் உள்ளே போகாமல் காப்பது, சுண்டுவிரல் மோதிரத்தைவிடச் சிறிய ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைக் கீறல் விழாமல் உட்கார்த்துவது ஆகிய நான்கில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஆகவே அந்த நான்குக்கும் கூடுதல் இடம் கொடுத்து எழுதியிருக்கிறேன்.

1. உங்கள் வண்டிக்கு இது பொருந்துமா என்று பாருங்கள்

இங்கே சொல்வது, 2000-க்குப் பிறகு நம் ஊரில் பரவலாக வந்த எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் கார்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆல்ட்டோ, வேகன் ஆர், ஜென், சான்ட்ரோ, இண்டிகா பெட்ரோல் போன்றவை இந்த வகை. இவற்றில் இன்ஜெக்டர், சிலிண்டருக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் பெட்ரோலைத் தெளிக்கிறது; இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் ரெயில் என்ற குழாயில் உள்ள அழுத்தம் சுமார் 3 பார் அளவில்தான் இருக்கும்.

டீசல் காமன் ரெயில் வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் பார்த்து வேலையைத் தொடங்க வேண்டாம். அதில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். கசிவின் மேல் கை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், அது அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும் காயம். பல டீசல் இன்ஜெக்டர்களுக்கு அவற்றின் மேல் பொறித்த குறியீட்டை ஸ்கேனர் மூலம் ஈ.சி.எம்.மில் பதிய வேண்டியும் இருக்கும். அது வீட்டு வேலையல்ல.

காஸ் கிட் பொருத்திய பெட்ரோல் காராக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பெரும்பாலும் காஸில் ஓடும் வண்டியில் பெட்ரோல் இன்ஜெக்டர் வேலையின்றிக் காய்ந்து பிசின் படிந்துவிடுகிறது. அதோடு, கிட் பொருத்தியவர் இன்ஜெக்டர் வயரை வெட்டித் தன் வயரை இணைத்திருப்பார். அந்த ஒட்டு தளர்ந்தாலும் அறிகுறி இதேதான். ஆகவே இன்ஜெக்டரைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த ஒட்டுகளைப் பாருங்கள்.

2. கோளாறு இன்ஜெக்டரில்தான் என்று உறுதி செய்யுங்கள்

மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். முதலில் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, ஒரு நேரத்தில் ஒரு இன்ஜெக்டரின் கப்ளரை (வயர் இணைப்பை) மட்டும் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் கப்ளரைக் கழற்றினால் இன்ஜின் தடுமாறும். கழற்றியும் ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்திருக்கிறது. என் வண்டியில் அது மூன்றாவது.

அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் வரவில்லையா, நெருப்புப்பொறி வரவில்லையா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) இல்லையா என்பது அடுத்த கேள்வி. ஸ்பார்க் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் காரணம், 150 ரூபாயில் வேலை முடிந்தது. கம்ப்ரஷன் கேஜ் இல்லாவிட்டால் பக்கத்துப் பட்டறையில் சிறு கூலிக்கு அளந்து தருவார்கள். இதை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள். வால்வு எரிந்த சிலிண்டருக்குப் புது இன்ஜெக்டர் வாங்கிப் போட்டு ஒரு பயனும் இல்லை.

பிறகு இன்ஜெக்டர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டர் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேளுங்கள். ஓடும் இன்ஜினில் ஒவ்வொன்றும் டிக் டிக் என்று சீராக அடிக்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் மின்சாரப் பக்கம் சோதிக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, கப்ளரைக் கழற்றி, இன்ஜெக்டரின் இரண்டு பின்களுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். இந்தக் கார்களில் பெரும்பாலும் 11 முதல் 16 ஓம் வரை இருக்கும். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகினாலோ, அளவே காட்டாவிட்டாலோ அதன் சுருள் போய்விட்டது. கப்ளரின் வயர் பக்கத்தில், சாவி ஆன் நிலையில் ஒரு பின்னில் 12 வோல்ட் வர வேண்டும். மற்ற பின்னைத்தான் ஈ.சி.எம். தேவைப்படும்போது எர்த் செய்து இன்ஜெக்டரைத் திறக்கிறது. 12 வோல்ட் வராவிட்டால் ஃபியூஸையும் ரிலேயையும் வயரையும் பாருங்கள். இன்ஜெக்டர் மேல் தவறில்லை.

என்னுடைய மூன்றும் 12.5, 12.6, 12.7 ஓம் காட்டின. சத்தமும் ஒரே மாதிரி வந்தது. இதைப் பார்த்துத்தான் பட்டறையில் இன்ஜெக்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஓம் அளவு சுருளைப் பற்றி மட்டுமே சொல்லும். நுனியில் அடைப்பு இருக்கிறதா, மூடிய பிறகும் சொட்டுகிறதா என்பதைச் சொல்லாது. இன்ஜெக்டரைக் கழற்றி, தெளிக்கவிட்டு அளக்கும் கருவியான டெஸ்ட் பெஞ்சில் வைத்தால்தான் அது தெரியும்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு: பி 0301 முதல் பி 0304 வரை வருவது மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டரின் எண், பி 0201 முதல் பி 0204 வரை வருவது இன்ஜெக்டர் மின்சுற்றுக் கோளாறு. ஆனால் 2010-க்கு முந்தைய பல கார்களோடு மலிவு விலை புளூடூத் ஸ்கேனர்கள் பேசுவதில்லை. என் வண்டியோடும் பேசவில்லை. ஆகவே இந்த வேலைக்காக அதை வாங்க வேண்டாம்.

3. புதியது வாங்கும் முன் சுத்தம் செய்து பாருங்கள்

என் கருத்தில், கழற்றிய அன்றே புது இன்ஜெக்டர் வாங்குவது அவசரம். அல்ட்ராசோனிக் முறையில் சுத்தம் செய்து, டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிக் காட்டும் கடைகள் பெருநகரங்களில் இருக்கின்றன. என்னிடம் ஒன்றுக்கு 300 ரூபாய் வீதம் 900 ரூபாய் வாங்கினார்கள். காலையில் கொடுத்து மாலையில் திரும்பக் கிடைத்தது. பக்கத்தில் நின்று பார்க்க அனுமதிக்கும் கடைக்குப் போவது நல்லது.

டெஸ்ட் பெஞ்சில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கீழும் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் இருக்கும். மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, ஒரே நேரத்தில் எல்லாக் குழாய்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நிறைய வேண்டும். என்னுடையவற்றில் இரண்டு 46, 45 மில்லி காட்டியபோது மூன்றாவது 31-இல் நின்றது. இரண்டாவது, தெளிப்பு பூத்தூறலாகக் கூம்பு வடிவில் விரிய வேண்டும். மூன்றாவது இன்ஜெக்டரில் அது ஊசியால் குத்திய தண்ணீர்ப் பாக்கெட்டிலிருந்து பீய்ச்சுவதுபோல் ஒரே கம்பியாக வந்தது. இன்ஜினுக்குள் போகும் பெட்ரோல் ஆவியாக வேண்டும். கம்பியாக விழுந்தால் பாதி எரியாமல் வெளியே போகும், எனக்கு வந்த நெடி அதுதான். மூன்றாவது, மூடிய நிலையில் அழுத்தம் கொடுத்து வைத்தால் நுனியில் சொட்டக் கூடாது. நிமிடத்துக்கு 1 சொட்டு என்பதே வழக்கமான மேல்வரம்பு.

சுத்தம் செய்த பிறகு மூன்றும் சமமாக வந்துவிட்டால், புது ஓ-ரிங் போட்டு அவற்றையே மாட்டிக்கொள்ளுங்கள். எனக்கு அளவு 42-க்கு ஏறியது; ஆனால் சொட்டுவது நிற்கவில்லை. அதனால்தான் வாங்க முடிவு செய்தேன்.

ஒன்று மட்டும் வாங்குவதா, முழு செட்டா? வண்டி 15 ஆண்டைத் தாண்டியிருந்தால் செட்டாக வாங்கச் சொல்வேன். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் சேர்த்தேதான் அளக்கிறது. ஒரு சிலிண்டருக்கு மட்டும் கூடுதலாகப் பெட்ரோல் போனால், ஈ.சி.எம். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குறைத்துவிடும். அப்போது நன்றாக இருந்த சிலிண்டர்களும் பெட்ரோல் போதாமல் தவிக்கும். ஆகவே அளவு சமமாக இருப்பது முக்கியம். கழற்றிய இரண்டு நல்ல இன்ஜெக்டர்களையும் நுனியில் மூடி போட்டு உபரியாக வைத்திருக்கிறேன்.

4. ஆவணங்கள்: கடைக்குப் போகும் முன்

ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். அதில் சேஸி எண், இன்ஜின் எண், தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். ஒரே பெயரில் ஓடும் காரில் ஆண்டுக்கு ஆண்டு இன்ஜெக்டர் மாறியிருக்கும். “ஆல்ட்டோ இன்ஜெக்டர்” என்று மட்டும் கேட்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார்கள். சேஸி எண்ணைக் கொடுத்து, நிறுவன உதிரிபாகக் கவுன்டரில் பார்ட் நம்பரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பழைய இன்ஜெக்டரின் உடலில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் தேய்ந்து போயிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தெரியும். ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் கேளுங்கள். அதில் பார்ட் நம்பரும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். மின்சாரப் பொருட்களைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை. பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, ஒப்புக்கொண்டால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழியாக ஒப்புக்கொண்டதை நம்பி எனக்கு ஒரு செட் ஓ-ரிங் வீணானது.

சென்னையில் இருப்பவர்களுக்குப் புது உதிரிபாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் பழையவற்றுக்குப் புதுப்பேட்டையும் இருக்கின்றன. பல பாகங்களைப் பழையதாக வாங்கலாம்; இன்ஜெக்டரை வாங்க வேண்டாம். கழற்றிப் போட்ட வண்டியில் எத்தனை மாதம் பெட்ரோல் காய்ந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிக் காட்டி விற்றால் மட்டும் யோசிக்கலாம். அசல் பாகத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பளபளப்பான பெட்டியில் கிடைக்கும் பெயரில்லா செட்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் மூன்றும் ஒரே அளவு தெளிக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

5. செலவும் நேரமும்

எனக்கு ஆனது இது: மூன்று இன்ஜெக்டர்கள் 5,850 ரூபாய், மேல், கீழ் ஓ-ரிங்குகளும் அடி ரப்பர்களும் சேர்த்து 420, சுத்தமும் சோதனையும் 900, இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் 1,450, கையுறை, கிளீனர் ஸ்பிரே, சில்லறைச் சாமான்கள் 500. தீயணைப்பான் வாங்கியதை இதில் சேர்க்கவில்லை, அது எப்போதும் வீட்டில் இருக்க வேண்டியது. ஊருக்கும் மாடலுக்கும் ஏற்ப இது மாறும். நான்கு சிலிண்டர் வண்டிக்கு ஒரு இன்ஜெக்டர் கூடும்.

பழகிய மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் முடிப்பார். முதல் முறை செய்பவர் கழற்ற மூன்று மணி நேரம், மாட்ட மூன்று மணி நேரம் என்று ஒதுக்குங்கள். இடையில் சோதனைக் கடைக்கும் உதிரிபாகக் கடைக்கும் போக வேண்டியிருப்பதால், வண்டி மூன்று நாள் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் கழற்றினால் கடைகள் திறந்திருக்கும்; ஞாயிறு கழற்றிவிட்டு அடுத்த நாள் வேலைக்கு வண்டி வேண்டும் என்று அவசரப்படும்போதுதான் தவறுகள் நடக்கின்றன.

6. இடத்தைத் தயார் செய்யுங்கள்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். மூன்று பக்கமும் சுவர் எழுப்பிய கார் ஷெட்டில் இந்த வேலை வேண்டாம், வெட்டவெளியில் நிறுத்துங்கள். வீட்டுக்கு ஒட்டி நிறுத்தினால், சமையலறை அடுப்பு, வாசலில் ஏற்றும் விளக்கு, ஊதுபத்தி, தண்ணீர் மோட்டார் சுவிட்ச் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வேலை முடியும்வரை விளக்கேற்ற வேண்டாம் என்று வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானைக் கைக்கு எட்டும் தூரத்தில், இன்ஜின் பக்கமாக அல்லாமல் நீங்கள் ஓடக்கூடிய பக்கமாக வையுங்கள்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை: 8, 10, 12 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர்கள், நீட்டுக் கம்பி, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்), நோஸ் பிளேயர், எல்.இ.டி. டார்ச், கண்ணுக்கு அணியும் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, ஒரு எவர்சில்வர் தட்டு, நூல் பிரியாத பழைய பருத்தித் துணி. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். மேனிஃபோல்டு அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். கைப்பலத்தை நம்பி முறுக்கினால் மரை போய்விடும். இறுக்க வேண்டிய அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் மானுவலில் இருக்கிறது.

7. அழுத்தத்தை இறக்குங்கள்

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் தொடங்குவதே சரி. பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து காற்றை விட்டு மூடுங்கள். ஃபியூஸ் பெட்டியில் பெட்ரோல் பம்பின் ரிலேயையோ ஃபியூஸையோ உருவிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ரெயிலில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் அதுவாகவே நின்றுவிடும். பிறகு மூன்று நொடி வீதம் இரண்டு மூன்று முறை செல்ஃப் அடியுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, முனையைத் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்குங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் குழாய்க்குள் கொஞ்சம் பெட்ரோல் இருக்கவே செய்யும். இணைப்பைத் திறக்கும் இடத்தின் கீழே தட்டை வைத்து, இணைப்பைச் சுற்றித் துணியைப் போர்த்தி, கண்ணாடி அணிந்து, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறங்கள். நனைந்த துணியைத் திறந்த வெளியில் விரித்துக் காய வையுங்கள். சுருட்டி மூலையில் போடாதீர்கள். தட்டில் விழுந்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

8. கழற்றுதல்

காற்று வடிகட்டியிலிருந்து வரும் குழாயையும் வழியில் நிற்கும் வயர்களையும் விலக்கினால் ரெயில் தெரியும். சில மாடல்களில் மேல் மேனிஃபோல்டையும் இறக்க வேண்டியிருக்கும். அப்படியானால் அதன் காஸ்கெட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். கப்ளர்களில் 1, 2, 3 என்று எண் எழுதிய டேப் ஒட்டுங்கள்.

இப்போது பொறுமை வேண்டும். இன்ஜெக்டர் மேனிஃபோல்டுக்குள் இறங்கும் குழியைச் சுற்றிப் பல ஆண்டு மண்ணும் எண்ணெயும் கெட்டியாகப் படிந்திருக்கும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, கிளீனர் ஸ்பிரே அடித்து, காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். இதைச் செய்யாமல் உருவினால் அந்த மண் நேராக வால்வின் மேல் விழும். நான் இதற்கு மட்டும் 40 நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

கப்ளரின் பூட்டு பழைய வண்டியில் அப்பளம்போல் நொறுங்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை விரலால் அழுத்தி, கப்ளரின் உடலைப் பிடித்து அசைத்து எடுங்கள். சில வண்டிகளில் பூட்டுக்குப் பதில் மெல்லிய கம்பி கிளிப் இருக்கும். துணியால் மூடிக்கொண்டு எடுக்காவிட்டால் அது பறந்து காணாமல் போகும். ரெயிலின் போல்ட்டுகளைக் கழற்றிய பிறகு, ரெயிலை இரண்டு முனையிலும் சமமாகப் பிடித்து, லேசாக ஆட்டி ஆட்டி மேலே தூக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம்.

ரெயில் வந்ததும் ஒவ்வொரு குழிக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். கீழ் ஓ-ரிங்கோ அடி ரப்பரோ இன்ஜெக்டரோடு வராமல் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைக் கவனிக்காமல் புதியதை அதன் மேல் வைத்தால் இன்ஜெக்டர் சாய்ந்து உட்காரும், காற்று கசியும். எத்தனை ரப்பர்கள் இருக்க வேண்டுமோ அத்தனையும் தட்டில் வந்துவிட்டனவா என்று எண்ணிய பிறகே குழிகளைச் சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள்.

9. ஓ-ரிங்: முழு வேலையும் இதில்தான் இருக்கிறது

ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் மேலே ஒரு ஓ-ரிங், ரெயிலுக்குள் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவதற்கு. கீழே மேனிஃபோல்டில் காற்று கசியாமல் அடைப்பதற்கு ஒன்று. பழையதை எந்த நிலையிலும் திரும்பப் போடாதீர்கள். என்னுடைய பழைய மேல் ஓ-ரிங்கைக் கையில் எடுத்தபோது வட்டமாக இருக்க வேண்டிய அதன் குறுக்குவெட்டு தட்டையாகி, அழுத்தினால் வளையாமல் இரண்டாக உடைந்தது.

எந்த ரப்பர் என்பதும் முக்கியம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2007-இல் இந்த வண்டி தயாரான காலத்தில் அந்த அளவு இல்லை. சாதாரண ரப்பர் எத்தனாலில் உப்பி, இளகி, பிறகு வெடிக்கும். ஆகவே அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கறுப்பு வளையத்தைப் போடாமல், வைட்டான் ரப்பரில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். குழாயை மாற்றினாலும் இதே கதைதான்: கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் பெட்ரோல் டியூப் இந்த அழுத்தத்தைத் தாங்காது; இன்ஜெக்ஷனுக்கு என்று அழுத்த அளவு அச்சிட்ட குழாயும் அதற்குரிய கிளிப்பும் வேண்டும்.

ஓ-ரிங்கைக் கூர்மையான எதனாலும் தொடாதீர்கள். விரலால் உருட்டி அதன் பள்ளத்தில் உட்கார்த்தி, முறுக்கு விழாமல் இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். மாட்டும் முன் அதன் மேல் ஒரு துளி பெட்ரோலையோ சுத்தமான இன்ஜின் ஆயிலையோ தடவுங்கள். கிரீஸும் சிலிக்கானும் வேண்டாம், அவை நுனியை அடைத்துவிடும். இன்ஜெக்டரை ரெயிலுக்குள் நேராகத் தள்ளுங்கள், சாய்த்துத் தள்ளினால் ரெயில் வாயின் விளிம்பு ரப்பரைச் சீவிவிடும். நான் முதலில் மாட்டியபோது இரண்டாவதில் அப்படித்தான் நடந்தது. நகம் வெட்டியதுபோல் ஒரு மெல்லிய பிறைத் துண்டு ரெயிலின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் போட்டிருந்தால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் வழிந்திருக்கும். அதனால்தான் ஓ-ரிங்கை ஒரு செட் கூடுதலாக வாங்கச் சொல்கிறேன்.

சரியாக உட்கார்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. ரெயிலை மேனிஃபோல்டில் இறக்கி, போல்ட்டைக் கையால் முறுக்கிய பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருப்பிப் பாருங்கள். லேசான தடையோடு வழுக்கித் திரும்ப வேண்டும். திரும்பாமல் பிடித்தால் ஓ-ரிங் மடங்கியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள். போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கிய பிறகும் இதே சோதனையை ஒரு முறை செய்யுங்கள். அதன் பின் கப்ளர் நிற்க வேண்டிய பக்கத்துக்குத் திருப்பி, எண் பார்த்து மாட்டுங்கள்.

10. ஸ்டார்ட் செய்வதற்கு முன் கசிவுச் சோதனை

எல்லாவற்றையும் மாட்டி, பம்பின் ரிலேயைத் திரும்பப் போட்டு, கடைசியாகப் பேட்டரியை இணையுங்கள். செல்ஃப் அடிக்க வேண்டாம். சாவியை ஆன் செய்தால் பம்பு இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கும். ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். நான்கைந்து முறை செய்தால் ரெயிலில் அழுத்தம் ஏறிவிடும். இப்போது உலர்ந்த டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி, ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேல் இணைப்பைச் சுற்றியும் குழாய் இணைப்பைச் சுற்றியும் ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூடக் காகிதத்தில் புள்ளியாகத் தெரியும். சிறு புள்ளி இருந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல், அழுத்தத்தை மறுபடி இறக்கித் திறந்து பாருங்கள்.

காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யுங்கள். குழாயில் காற்று இருப்பதால் முதல் முறை கொஞ்சம் நேரம் எடுக்கும். பேட்டரியைக் கழற்றியிருந்ததால் ஐட்லிங் சில கிலோமீட்டர் வரை ஏற்ற இறக்கமாக இருக்கலாம். அது தானே சரியாகும். 15 நிமிடம் ஓடவிட்டு, பானெட்டைத் திறந்தபடியே ஒரு முறை கசிவு பாருங்கள். பக்கத்துத் தெரு வரை போய் வந்து ஒரு முறை. அடுத்த நாள் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை. ரப்பர் குளிரில் சுருங்குவதால், சூட்டில் தெரியாத கசிவு காலையில் தெரியலாம்.

11. இன்ஜின் ஆயிலை மறக்காதீர்கள்

சொட்டும் இன்ஜெக்டரோடு ஓடிய வண்டியில், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்திருக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தாலோ, ஊற்றிய அளவைவிட ஆயில் கூடியிருந்தாலோ உடனே மாற்ற வேண்டும். நீர்த்த ஆயில் பேரிங்கைக் காக்காது. என் டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. பட்டறையில் மூன்று முறை வண்டி ஏறி இறங்கியும் யாரும் அதைப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆதங்கம். எரியாத பெட்ரோல் நீண்ட நாள் புகைக்குழாயில் போனால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடேறிக் கெடும். அதன் விலை இந்த வேலையின் மொத்தச் செலவைவிடப் பல மடங்கு.

12. மாசுச் சான்றும் ஆர்.சி. புதுப்பிப்பும்

ஒரு வாரம் ஓட்டிய பிறகு, இன்ஜின் சூடாக இருக்கும்போது மாசுப் பரிசோதனைக்குப் போங்கள். பி.எஸ்.2, பி.எஸ்.3 என்ற பழைய மாசு விதிகளின்படி தயாரான பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம்.முக்குள்ளும் இருக்க வேண்டும். தாளில் தேர்ச்சி என்று இருப்பதோடு நிற்காமல் எண்களையும் படியுங்கள். ஹைட்ரோகார்பன் வரம்புக்கு அருகில் இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் இன்னும் சரியாக எரியவில்லை. இந்த வண்டிகளுக்குச் சான்று 6 மாதம் செல்லும்.

15 ஆண்டு முடியப்போகும் வண்டியானால், ஆர்.சி. புதுப்பிப்பதற்கான பரிசோதனைக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். புதுப்பித்தால் 5 ஆண்டு கிடைக்கும். காருக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025-இல் அது 10,000 ஆனது. பசுமை வரி தனி. இன்ஜெக்டர் பில், டெஸ்ட் பெஞ்சில் வந்த அளவுகளை எழுதிய தாள், புது மாசுச் சான்று மூன்றையும் ஆர்.சி. நகலோடு ஒரே உறையில் வையுங்கள். தாளில் கிலோமீட்டரையும் தேதியையும் குறித்துவிடுங்கள், அடுத்த முறை மிஸ்ஸிங் வந்தால் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.